மாப்பிள்ளை அழைப்புக் காருக்கு நானே ஏர் ஃபில்டர் மாற்றினேன்

மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் விடும் தொழிலில் வண்டி ஓடுவது கஷ்டமே இல்லை, ஊர்வதுதான் கஷ்டம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் டிரைவர் சலீம் பாய். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு வந்த முதல் தை மாதம், ஒரு ஊர்வலத்தை முடித்து வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள், இல்லாவிட்டாலும் வீட்டில் ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள், படித்துவிட்டுத் தலையை ஆட்டுவீர்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே வண்டி. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மேல்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஏற்கெனவே பலர் கை மாறி வந்த இந்த வண்டியை என் வீட்டுக்காரர் வாங்கினார். மங்களகரமான மஞ்சள் நிறம். இங்கே ஸ்ரீரங்கத்தில் மாமிகள் ஜானவாசம் என்பார்கள், எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை அழைப்பு. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், திறந்த காரில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, மேளத்தோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அழைத்து வருவது. பறப்பதற்கென்று செய்த வண்டி, நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் போக வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவள். போனில் புக்கிங் எடுப்பது, வண்டியைத் துடைப்பது, மாலை கட்டுவது, ஊர்வலத்தில் கூடவே நடந்து போவது, இவ்வளவுதான் என் வேலை. எஞ்சின் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, போன வைகாசி வரைக்கும்.

நடந்து போன மாப்பிள்ளை

அந்த வைகாசியில் ஒரு ஊர்வலம். சித்திரை வீதித் திருப்பத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, நின்றது. சலீம் பாய் திரும்ப ஸ்டார்ட் செய்தார். இருமிற்று. கரும்புகை கக்கிற்று. மறுபடி நின்றுவிட்டது. இது எதுவும் தெரியாமல் நாதஸ்வரக்காரர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார். பாதி வீதி தாண்டிய பிறகுதான் பின்னால் மாப்பிள்ளையைக் காணோம் என்று தவில்காரர் அவர் தோளைத் தட்டினார்.

பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் சகுனம், கிகுனம் என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். "ரங்கநாயகித் தாயாரே, இந்தக் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது" என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே நின்றேன். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. கோட்டும் மாலையுமாகக் கதவைத் திறந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

"விடுங்கம்மா. நாளையிலேர்ந்து எப்படியும் நாயா அலையணும், இன்னிக்கே பழகிக்கிறேன்."

சென்னையிலிருந்து போன்

மாப்பிள்ளை சிரித்தார், என் மகன் கார்த்தி சிரிக்கவில்லை. நடுவீதியில் வண்டியைத் தள்ளுவதை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே சென்னையிலிருந்து போன். "அம்மா, போதும்மா. வண்டியை வித்துட்டு நீ இங்க வந்துடு. தனியா இருந்து இருந்து உனக்கு மறதியும் வந்துடுச்சு. பூஜை அலமாரியில திரி வச்சேன், காணோம்னு போன மாசம் பூரா சொல்லிக்கிட்டிருந்தியே."

அது உண்மைதான். விளக்குத் திரி உருட்டி உருட்டி வைப்பேன், மறுநாள் பார்த்தால் குறைந்திருக்கும். எங்கே வைத்தேன் என்று எனக்கே சந்தேகமாகப் போய், உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன். அந்தப் பயத்தை அவனிடம் காட்டவில்லை. ஆனியில் ஒரு சனிக்கிழமைக்குப் புக்கிங் வாங்கியிருக்கிறேன், அது ஒன்றை மட்டும் முடித்துக் கொடுக்கிறேன் என்றேன். "சரி. அதுல வண்டி நிக்காமப் போயிட்டா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். நின்னுச்சுன்னா வண்டியையும் விக்கணும், நீயும் கிளம்பி வரணும். நானே வந்து கூட நடந்து பார்ப்பேன்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

சென்னை ஒன்றும் காடு இல்லை. மருமகள் நல்லவள். ஆனால் அங்கே நான் கார்த்தியோட அம்மா. இங்கே கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் எல்லாம் "மஞ்சள் கார் அம்மாவுக்குப் போன் போடு" என்கிறார்கள். அந்தப் பேரை விட எனக்கு மனசு வரவில்லை. போனை வைக்கப் போகும்போது மருமகள் வாங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அத்தை, இங்க வந்தா உங்களுக்கு ஒரே வேலைதான், உங்க பிள்ளையோட குறையைக் கேக்கறது. நல்லா யோசிச்சு வாங்க."

எஞ்சினைக் காணோம்

ஊருக்குள் இருக்கிற பெரிய ஒர்க் ஷாப்புக்கு சலீம் பாய் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போக, நான் ஆட்டோவில் பின்னால் போனேன். அங்கிருந்தவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "காத்து உள்ளே போகலம்மா. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்" என்றார். ஏர் ஃபில்டர் என்றால் எஞ்சின் மூச்சிழுக்கிற காற்றில் தூசி வடிகட்டுகிற பொருள் என்று எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். பிரித்து மாற்றித் தர முடியுமா என்றேன். வரிசையில் நிறைய வண்டி நிற்கிறது, ஆடி பிறந்த பிறகு வாங்க என்று சொல்லிவிட்டார். என் சனிக்கிழமையோ ஆனியில்.

வீட்டுக்குத் திரும்பி, நாலு தெரு தள்ளி இருக்கிற ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தேன். ஆட்டோவும் வேனும் பார்க்கிறவர். வந்ததும் கையைத் தட்டிக்கொண்டு, முன்பக்க மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்டெப்னி டயரும் பழைய துணியும்தான் இருந்தன. இந்த வண்டிக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் டயரைத் தூக்கிக் கீழேயும் பார்த்துவிட்டார். அப்புறம் ரொம்ப அக்கறையாக, குரலைத் தணித்துக் கேட்டார்:

"ஏம்மா, எஞ்சினைக் கழட்டி எங்கயாவது பத்திரமா வச்சிருக்கீங்களா?"

ஆம்புலன்ஸ் டிரைவர்

மிச்சம் இருந்தது சலீம் பாய். திருச்சி பாலக்கரைக்காரர். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே இந்த வண்டியை ஓட்டுகிறார். "பாய், நீங்களே திறந்து மாத்திடுங்களேன்" என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்டியரிங் தவிர வேறு எதிலும் கை வைப்பதில்லை என்று அவர் வாப்பாவிடம் சத்தியம் செய்த மாதிரி ஒரு பிடிவாதம்.

"அப்ப நான் திறக்கிறேன். நீங்க டார்ச் பிடிங்க, போதும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் உமாவுக்குப் போன் போட்டேன். அங்கே இந்த மாதிரி வண்டிகளுக்குப் பார்ட்ஸ் கிடைக்கிற கடை இருக்கிறது, பழைய ஃபில்டர் மேல் இருக்கிற நம்பரைப் படம் எடுத்து அனுப்பு என்றாள். ஆக, திறந்துதான் தீர வேண்டும். எஞ்சின் ஆறட்டும், நாளைக் காலையில் டார்ச்சோடு வருகிறேன் என்றார் சலீம் பாய்.

"அக்கா, நான் ஆம்புலன்ஸ் டிரைவர் மாதிரி. ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு வந்து விடுவேன். ஆபரேஷன் நீங்க பண்ணுங்க, நான் துவா பண்றேன்."

பெட்டிக்குள்ளே இருந்தது

மறுநாள் காலையில் குளித்து, விளக்கேற்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுக் கோமளா மாமியும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். சலீம் பாய் காட்டிக்கொடுக்க, எஞ்சின் மூடியைத் திறந்தேன். இரவு முழுக்க ஆறின வண்டிதான், தொடலாம் என்றார். ஒரு பக்கமாகக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. மூடியைச் சுற்றி இரும்புக் கிளிப்புகள். பார்த்ததுமே பாதி பயம் போய்விட்டது, டிபன் கேரியர் கிளிப் மாதிரியேதான் இருந்தன. பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடிமனான குழாயின் பட்டையை ஸ்க்ரூ டிரைவரால் தளர்த்தினேன். கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பினேன். மூடி வரவில்லை. தாயார் பேரைச் சொல்லி ஒரு இழு இழுத்தேன், கையோடு வந்தது.

உள்ளே ஒரு கல்யாணமே நடந்து முடிந்திருந்தது. காய்ந்த ரோஜா இதழ், ஜிகினா, மஞ்சள் அட்சதை. ஊர்வலத்தில் ஜனங்கள் தூவுவதெல்லாம் கதவுக்குப் பின்னால் காற்று போகிற ஓட்டை வழியாக உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது. அட்சதையைத் தேடி எலி வந்திருக்கிறது. வந்த எலி சும்மா போகுமா? மூலையில் மெத்தென்று ஒரு கூடு. வீட்டில் எலி இருக்கிறவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நல்லவேளை, குடித்தனம் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. கூட்டைக் குச்சியால் கிளறினேன். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. எடுத்துப் பார்த்தால் என் திரி. நான் உருட்டின திரி. ஒன்றுகூட வீணாகாமல் அங்கே இருந்தது.

அந்தத் திரிகளை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். கண் கலங்கிவிட்டது. கோமளா மாமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தனம், உனக்கு மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உங்காத்து எலிக்குத்தான் பக்தி ஜாஸ்தி!"

சீயக்காய் யோசனை

ஃபில்டர் என்பது புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக மடித்த காகிதம், சுற்றி ரப்பர் விளிம்பு. வெளுப்பாக இருக்க வேண்டியது, அடுப்புக்கரி மாதிரி ஆகியிருந்தது. ஒரு மூலையை எலி கடித்திருந்தது. விளிம்பைத் துடைத்தால் நம்பர் தெரிந்தது. படம் எடுத்து உமாவுக்கு அனுப்பினேன்.

அதற்குள் மாமிக்கு யோசனை ஊற ஆரம்பித்துவிட்டது. சீயக்காய்த் தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் உலர்த்தினால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார். காகிதம் கரைந்துவிடும் மாமி என்றேன். அப்படியானால் வேட்டித் துணியை நாலாக மடித்து வைத்துக் கட்டிவிடு, டிகாக்‌ஷன் வடிகட்டுகிறோமே அது மாதிரி என்றார். சலீம் பாய் டார்ச்சை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கிற்று. உமாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவளுக்கு எங்கள் தெருவைத் தெரியும்.

"அம்மா, பார்சல் பஸ்ல போட்டாச்சு, நாளைக்கு வந்துடும். அதுவரைக்கும் மாமி என்ன சொன்னாலும் செய்யாதே."

குக்கர் கேஸ்கெட்

மறுநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து சலீம் பாய் பார்சலை எடுத்து வந்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே அளவு, அதே வடிவம், அதே நம்பர். முதலில் பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். துடைக்கிற தூசி குழாய் வழியாக எஞ்சினுக்குள் போய்விட்டால் வந்த வினை பெரிதாகிவிடும் என்று உமா எச்சரித்திருந்தாள். குழாய் வாயில் ஒரு துணியை அடைத்தேன். அடைத்த துணியை மறந்துவிட்டால்? எனக்கு மறதி இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டாலும், எதற்கு வம்பு என்று துணியின் மறுமுனையை என் முந்தானையில் முடிந்துகொண்டேன். அதை உருவாமல் நான் எழுந்திருக்கவே முடியாது.

ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்து, காயவிட்டு, துணியை உருவி, புது ஃபில்டரை வைத்து, மூடி, கிளிப்புகளைப் போட்டு, குழாய்ப் பட்டையையும் முறுக்கினேன். சலீம் பாய் ஸ்டார்ட் செய்தார். எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. மாமி கைதட்டினார். ஆனால் எனக்கு ஏதோ உறுத்தியது. எஞ்சின் சத்தத்துக்கு நடுவே மெல்லிசாக ஒரு 'உஸ்'. "அக்கா, வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும், விடுங்க" என்றார் பாய். நான் விடவில்லை. அந்த 'உஸ்'ஸை முப்பது வருஷமாகச் சமையலறையில் கேட்டிருக்கிறேன். குக்கரில் கேஸ்கெட் சரியாக உட்காராதபோது வருகிற சத்தம். காற்று தப்பான வழியில் போகிறது.

நிறுத்தச் சொல்லி, மறுபடி கிளிப்பை எல்லாம் கழற்றினேன். நினைத்த மாதிரியே ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் மடங்கியிருந்தது. கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தி அழுத்திப் பள்ளத்தில் உட்கார வைத்தேன். மூடினேன். இந்தத் தடவை கிளிப்புகள் முரண்டு பிடிக்காமல் 'டக்' என்று விழுந்தன. ஸ்டார்ட் செய்தால் சத்தம் சீராக, மொழுமொழுவென்று இருந்தது. சலீம் பாய் சீட்டிலிருந்து எழுந்து திரும்பி, இரண்டு கையாலும் எனக்கு சலாம் வைத்தார்.

"அக்கா, ஆவி போறது நின்னுடுச்சு. சோறு வெந்துடுச்சுன்னு வச்சுக்கலாமா?"

முக்கொம்பு வரை

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. முக்கொம்பு வரை போய் வரலாம் என்று பாய் சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் அந்த வண்டியில் உட்கார்ந்து போனதே இல்லை, கூட நடந்துதான் போயிருக்கிறேன். காவிரிக்கரை ரோட்டில் பாய் காலை ஒரு அழுத்து அழுத்தினார். என் கொண்டை அவிழ்ந்து, மூச்சு ஒரு நிமிஷம் நின்று வந்தது. நான் கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்துவிட்டேன், ஆனால் மெதுவாகப் போங்க என்று மட்டும் சொல்லவில்லை.

முக்கொம்பில் கொய்யாப்பழம் விற்கிற அம்மாள், கூரை இல்லாத வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழத்தை நிறுத்துக் கையில் கொடுத்தாள்.

"ஏங்க்கா, மாப்பிள்ளை அழைப்புன்னா மாப்பிள்ளைதானே உக்காந்து வரணும்?"

சனிக்கிழமை சாயங்காலம்

கார்த்தி மத்தியானமே வந்துவிட்டான். திரிக் கதையைச் சொன்னேன். "ஓடும்போது எல்லா வண்டியும் நல்லாத்தாம்மா இருக்கும். ஊர்வலத்துல பார்ப்போம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அந்தப் பயம்தான்.

பிள்ளையார் கோயில் வாசலில் ஆரத்தி எடுத்து, மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். நான் ஒரு பக்கம் நடந்தேன், கார்த்தி வண்டிக்குப் பின்னாலேயே, எஞ்சின் மூடியை ஒட்டி நடந்தான். முதல் வீதி போயிற்று. திருப்பமும் போயிற்று. இரண்டாவது வீதியில் நாதஸ்வரம் திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தால் நின்றது வண்டி இல்லை. வீதியின் குறுக்கே யாரோ ஒரு பைக்கை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஹேண்டில் லாக் வேறு. ஒரு பக்கம் பூக்கடைத் தட்டி, ஒரு பக்கம் சாக்கடை. கார் போக வழியில்லை. சொந்தக்காரரைத் தேடி நாலு பேர் நாலு பக்கம் ஓடினார்கள்.

"ஆஃப் பண்ணிடவாக்கா?" என்றார் சலீம் பாய். "வேண்டாம் பாய். ஓடட்டும்" என்றேன். அணைத்து மறுபடி பிடிக்காமல் போனால்? அதைவிட, நின்று நின்று மூச்சுவிடுகிற இந்த நேரத்தில்தானே போன தடவை அது அடங்கியது. என்ன ஆனாலும் இப்போதே தெரியட்டும். நாதஸ்வரக்காரர் சும்மா நிற்பானேன் என்று ஒரு முழுக் கீர்த்தனையை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அது முடிந்தது. அடுத்ததும் ஆரம்பித்தது. வண்டி நின்ற இடத்தில் மொழுமொழுவென்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. கார்த்தி குனிந்து புகையைப் பார்த்தான். மூடி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், பிறகு எடுக்கவே இல்லை. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகப் பைக்குச் சொந்தக்காரர் காபி குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊர்வலம் நகர்ந்தது. மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும், அவருடைய தாய்மாமன் கார்த்தி தோளில் கை போட்டார். "தம்பி, வண்டி விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டேனே. எங்க ஆளு ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்காரு. சொல்லுங்க, நாளைக்கே பேசி முடிச்சிடலாம்."

கார்த்தி வண்டியைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான், நகக்கண்ணில் இன்னும் அந்தக் கறுப்பு போகவில்லை.

"இல்லீங்க, அது எங்கம்மா தொழில் பண்ற வண்டி. விக்கிறதா இல்ல, கல்யாணம் இருந்தா அவங்க நம்பர் தரேன், பேசுங்க."

எஞ்சினுக்குள் என்ன அடைத்துக்கொண்டாலும் கிளிப்பை நெம்பித் திறந்து எடுத்துவிடலாம் என்ற தைரியம் எனக்கு வந்துவிட்டது, வீதியை அடைத்துக்கொண்டு நிற்கிற பைக்கைத்தான் நான் ஒன்றும் செய்ய முடியாது என்பதால், தூரத்தில் மேளச் சத்தம் கேட்டால் உங்கள் பைக்கைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வையுங்கள்.